வெயிலைத் தேடிப் போனவர்கள் வீடு திரும்பும் நேரம்

வெயில் அடித்தால் நாம் குடையைத் தேடுவோம். இங்கிலாந்துக்காரர்களோ வெயிலைத் தேடிக்கொண்டு ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் போய், அங்கே வீடே வாங்கிவிடுகிறார்கள்!

கதை இப்படித்தான் ஆரம்பிக்கும். அறுபது, அறுபத்தைந்து வயது. வேலையிலிருந்து ஓய்வு. பிள்ளைகள் தனித்தனியே போயாச்சு. வருஷத்தில் பாதி நாள் மழை, மேகம், மூட்டுவலி. 'இங்கே இருந்து என்னத்தைக் கண்டோம்?' என்று இருக்கிற வீட்டை விற்றுவிட்டு ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். 1960-களில் பெனிடோர்ம் போன்ற ஊர்களுக்கு மலிவு விலைச் சுற்றுலா விமானங்கள் பறக்க ஆரம்பித்தபோது போட்ட விதை இது. முதலில் பத்து நாள் விடுமுறை. பிறகு வருஷா வருஷம். கடைசியில் அங்கேயே குடித்தனம்! 1986-ல் ஸ்பெயின் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்ததும் இன்னும் வசதியாகிவிட்டது. இன்றைக்கும் ஸ்பெயினில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல் பிரிட்டிஷ்காரர்கள் பதிவு செய்து வாழ்கிறார்கள். பிரான்ஸின் தோர்தோன் பகுதி, போர்ச்சுகலின் தென்கரை, சைப்ரஸ் என்று மற்ற இடங்களும் உண்டு.

பதினைந்து, இருபது வருஷம் ஓடிவிடுகிறது. பிறகு ஒரு நாள் அவர்களில் பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட ஊருக்கே திரும்புகிறார்கள். ஏன்?

இதை ஒரு சித்த மருத்துவர் எதற்கு எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் அடிக்கடி சொல்வார்: 'நோயாளியோட நிலம், காலம், வயசு மூணையும் கேட்காம நாடியில கை வைக்காதே!' முதிய வயதில் நாடு மாறுகிறவருக்கு இந்த மூன்றில் இரண்டு ஒரே நாளில் மாறிவிடுகின்றன. மூன்றாவதான வயதோ ஏற்கெனவே கூடியிருக்கிறது. ஆக, இது பணம் சம்பந்தப்பட்ட முடிவு போலத் தெரிந்தாலும், அடிப்படையில் உடம்பு சம்பந்தப்பட்ட முடிவுதான். என் மகள் இங்கிலாந்தின் தென்கரையில் ஓர் ஊரில் குடித்தனம் செய்கிறாள். அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கியபோது, இப்படித் திரும்பி வந்தவர்களோடு பேசும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்தது.

ஊர் ஞாபகமா காரணம்?

ஊர் ஞாபகம் வந்துதான் திரும்புகிறார்கள் என்று நாம் நினைப்போம். அது கொஞ்சம்தான். எழுபதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போயிருக்கும், அல்லது ஒருவர் காலமாகியிருப்பார். கார் ஓட்டுவதை நிறுத்தியிருப்பார்கள். இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்கும்.

கார் என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று நினைக்காதீர்கள். கடற்கரையில் விலை கூடிவிட்டதால் பலர் உள்ளே மலைப்பக்கம் வீடு வாங்கினார்கள். நீச்சல் குளம், ஆரஞ்சு மரம், எதிரே மலை... பார்க்கச் சொர்க்கம்தான். ஆனால் கடைக்குப் போகவும் கார், டாக்டரிடம் போகவும் கார். பஸ் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ. கண்ணில் புரை விழுந்துவிட்டால் சொர்க்கம் சிறையாகிவிடும்.

என் மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். வயது எழுபத்தெட்டு. கணவர் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். 2003-ல் இரண்டு பேரும் அலிகாந்தே மாகாணத்தில் ஒரு மலையடிவாரத்துக்குக் குடிபோனார்கள். பதினாலு வருஷம் ராஜ வாழ்க்கை. 2017-ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்பானிஷ் பாஷையோ 'வணக்கம்', 'நன்றி', 'எவ்வளவு?' என்ற அளவுக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் சிகிச்சை முதல் தரமாக இருந்தது என்று அவரே சொல்கிறார். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஸ்பெயின் ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே இருப்பார் என்று எதிர்பார்க்கிறார்கள். சாப்பாடு ஊட்டுவது, முகம் துடைப்பது, பக்கத்தில் படுத்துக்கொள்வது எல்லாம் வீட்டு மனிதர்கள் வேலை. கட்டிலுக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு சாய்வு நாற்காலி போட்டிருப்பார்கள். நமக்கு இது புதுசே இல்லை. நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் 'கூட இருக்கிறது யாரு?' என்றுதானே முதலில் கேட்பார்கள்! ஆனால் இங்கிலாந்தில் நர்ஸ்களே எல்லாம் செய்வார்கள். பார்வையாளர் நேரம் முடிந்தால் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்படியே பழகிய அம்மாவுக்கு இது புரியவே இரண்டு நாள் ஆயிற்று.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு ஸ்பானிஷ் பெரியவர். அவருக்கு மகள், மருமகள், பேரன், தம்பின்னு முறை போட்டு வந்து உட்கார்ந்தாங்க. எங்களுக்கு நான் ஒருத்திதான். பத்தொன்பது ராத்திரி அந்த நாற்காலியிலதான் தூங்கினேன்" என்றார் என்னிடம்.

ஸ்பெயினில் மூத்தவர்களைக் கவனிக்கும் ஏற்பாடு இன்னமும் பெரிய அளவில் குடும்பத்தை நம்பித்தான் நிற்கிறது. பிறரைச் சார்ந்து வாழ வேண்டியவர்களுக்கு உதவ 2006-ல் ஒரு சட்டமே கொண்டு வந்தார்கள். மனுப் போட்டால் காத்திருக்க வேண்டும். அதுவரை மகளோ மருமகளோ பார்த்துக்கொள்வார்கள் என்பது எழுதாத ஏற்பாடு. மகள் மான்செஸ்டரில் இருந்தால் என்ன செய்வது?

மறந்துபோகும் பாஷை

பக்கவாதத்தோடு இன்னொன்றும் வந்தது. அந்தப் பெரியவர் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்த ஸ்பானிஷ் அடியோடு போய்விட்டது. டாக்டர் 'வலிக்கிறதா?' என்று கேட்டால் வெறித்துப் பார்ப்பாராம். இது அபூர்வமான விஷயம் இல்லை. மூளை பாதிக்கப்படும்போதும், ஞாபகமறதி நோயிலும், பெரியவரான பிறகு கற்ற பாஷை பலருக்கு முதலில் நழுவுகிறது. தாய்மொழி கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். இருபது வருஷம் வெளிநாட்டுப் பாஷையில் சமாளித்த ஒருவர், எண்பது வயதில் தாய்மொழியில் மட்டுமே தண்ணீர் கேட்பார். அப்போது சுற்றியிருக்கிறவர்களுக்கு அந்தப் பாஷை தெரிந்திருக்க வேண்டாமா?

அதனால் ஊர் திரும்புவது பற்றி யோசிக்கும் எந்தத் தம்பதிக்கும் நான் கேட்கச் சொல்வது ஒரே ஒரு கேள்விதான். 'நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் இல்லாட்டி, மிச்சம் இருக்கிற ஒருத்தர் இங்கே தனியா இருக்க முடியுமா?' கேட்கச் சங்கடமான கேள்வி. அதனாலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள். 'முடியும்' என்று இரண்டு பேரும் மனசாரச் சொன்னால் அங்கேயே இருக்கட்டும். பாஷை நன்றாகத் தெரிந்து, பக்கத்து வீட்டுக்காரர்களோடு ஒட்டிப்பழகி, ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பவர்கள் ஊர் திரும்பியே ஆக வேண்டும் என்று எந்த வைத்தியரும் சொல்ல மாட்டார். சராசரி ஆயுளில் ஸ்பெயின் பிரிட்டனை விட முன்னே நிற்கிறது. அங்கே 84 வயதை ஒட்டி, இங்கிலாந்தில் 81-ஐ ஒட்டி! ஆலிவ் எண்ணெய், மீன், காய்கறி, நடைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. (அங்கேயும் போய்க் காலையில் பன்றி இறைச்சியும் வறுத்த முட்டையும், மாலையில் மலிவு ஒயினுமாக உட்கார்ந்துவிடும் வெள்ளைக்காரர்களும் நிறையப் பேர். அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது!)

அந்தக் கேள்விக்கு ஒருவர் தயங்கினாலும், இரண்டு பேரும் நடமாட்டத்தோடு இருக்கும்போதே புறப்படுவதுதான் நல்லது. அடுத்த வீட்டு அம்மா புறப்பட்டது கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்து. வீட்டை அவசரத்துக்கு விற்றதில் பாதி விலைதான் கிடைத்தது. வந்து இறங்கியது 2018 நவம்பரில். ஜனவரியில் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டி நிமோனியா. அதில் பிழைத்துவிட்டார். அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

நவம்பரில் திரும்பாதீர்கள்!

இங்கேதான் ஒரு வைத்தியனாக நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊர் திரும்புவது என்று முடிவு செய்தவர்கள் வீடு விற்கிற நாளை, விமான டிக்கெட் விலையை எல்லாம் பார்க்கிறார்கள். எந்த மாதத்தில் போய் இறங்குகிறோம் என்பதைப் பார்ப்பதில்லை.

சித்த மருத்துவத்தில் ஆயுளை மூன்றாகப் பிரித்து, முதல் பங்கு வாதம், நடுப்பங்கு பித்தம், கடைசிப் பங்கு கபம் என்று சொல்வோம். கபம் ஓங்கும் வயதில் குளிரும் ஈரமும் சேர்ந்தால் நெஞ்சில்தான் முதலில் போய் உட்காரும். நவீன வைத்தியம் வேறு வார்த்தைகளில் சொல்கிறது. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது. மாரடைப்பு, பக்கவாதம், நெஞ்சுச் சளி எல்லாம் குளிர்காலத்தில் கூடுகின்றன. இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறோம்.

டிசம்பரில் லண்டனில் பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம்கூட இருக்காது. ஸ்பெயினின் தென்கரையில் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் பளிச்சென்ற வெயில். பதினைந்து வருஷம் அந்த வெளிச்சத்தில் எழுந்து பழகின ஒரு உடம்பைத் திடுதிப்பென்று நவம்பர் இருட்டில் இறக்கினால் என்ன ஆகும்? தூக்கம் கெடும். பசி மாறும். எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்துவிடுவார்கள். 'வந்தது தப்போ' என்ற எண்ணம் பாதி இந்த இருட்டினால் வருவதுதான்.

ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் போய் இறங்குங்கள் என்பேன். பகல் நீண்டுகொண்டே போகும் காலம். அக்டோபர் வருவதற்குள் உடம்பு படிப்படியாகப் பழகிவிடும். தோட்டம், அக்கம்பக்கம், பஸ் ரூட் எல்லாம் தெரிந்துவிடும். டாக்டரையும் பார்த்தாகிவிடும்.

வெயில் குறைந்தால் வைட்டமின் டி-யும் குறையும். அக்டோபர் முதல் மார்ச் வரை பிரிட்டன் வெயிலில் இந்தச் சத்து உடம்பில் போதிய அளவு உண்டாகாது என்பதால், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கும்படி அந்நாட்டு அரசே எல்லோருக்கும் சொல்கிறது. வீட்டுக்குள் வெப்பம் குறைந்தது 18 டிகிரியாவது இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு ஸ்பெயினில் வெயில் காலத்தில் நிர்ணயித்த மாத்திரை அளவு, இங்கிலாந்துக் குளிரில் போதாமல் போகலாம். போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் இரண்டு மூன்று தடவை பார்த்துவிடுவது நல்லது.

மூட்டுவலிக்காகவே ஸ்பெயின் போனவர்கள் நிறையப் பேர். 'திரும்பினால் முட்டி மறுபடியும் பிடித்துக்கொள்ளுமே!' என்று பயப்படுவார்கள். வெயில் வலியை மறக்கடித்ததே தவிர, தேய்ந்த மூட்டை வளர்க்கவில்லை. குளிரில் இறுக்கம் கூடும் என்பது உண்மைதான். காலையில் படுக்கையிலேயே காலை மடக்கி நீட்டுவது, வெதுவெதுப்பான நல்லெண்ணெயை முட்டியில் தேய்த்து அரை மணி கழித்து வெந்நீரில் குளிப்பது, இது இரண்டும் எந்த ஊரிலும் பலன் தரும். ஆனால் எண்ணெய்க் காலோடு குளியல் தொட்டிக்குள் ஏறாதீர்கள், துடைத்துவிட்டு ஏறுங்கள்! அடுத்த வீட்டு அம்மாவுக்கு நான் சுக்குக் காபி போடச் சொல்லிக்கொடுத்தேன். மிளகு வேண்டாம் என்று கெஞ்சினார், விட்டுவிட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சுக்கு, இஞ்சியை அதிகமாகச் சேர்க்க வேண்டாம்.

வீடு பார்க்கும்போது ஒரு விஷயம். ஸ்பெயினில் பலர் இருந்தது தரைத்தள வீடு. இங்கிலாந்துச் சாதாரண வீட்டில் படுக்கையறையும் குளியலறையும் பெரும்பாலும் மாடியில். ராத்திரி மூன்று மணிக்குப் பாத்ரூமுக்காகப் படியேறி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் தரைத்தளமே மேல்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வெயிலாலேயே திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவில் அடித்த அனலில் பிரான்ஸில் மட்டும் 15,000 பேர் போல இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். ஸ்பெயினில் கோடை வருஷத்துக்கு வருஷம் கடுமையாகிறது. தப்பித்து இங்கிலாந்துக்கு வந்தால் 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷையரில் 40.3 டிகிரி! அந்த நாட்டில் அதற்கு முன் பதிவாகாத வெப்பம். அந்த வீடுகளில் ஏ.சி.யும் கிடையாது, ஃபேனும் கிடையாது.

மருந்துப் பை

புறப்படும் முன் ஸ்பெயின் டாக்டரிடம் நோய் வரலாற்றை எழுதி வாங்கி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரைகளைக் கம்பெனி பெயரில் சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் அளவும்தான் முக்கியம்.

ஸ்பெயினில் வலிக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் ஒரு மருந்து 'நோலோட்டில்'. உள்ளே இருப்பது மெட்டமிசோல். நம்ம ஊரில் அனால்ஜின் என்று ஒரு காலத்தில் எல்லா மருந்துக் கடையிலும் கிடைத்ததே, அதேதான். நம் நாட்டில் 2013-ல் நிறுத்தி வைத்து, பிறகு கட்டுப்பாட்டோடு அனுமதித்தார்கள். பிரிட்டனில் இதற்கு உரிமமே கிடையாது. அபூர்வமாகச் சிலருக்கு ரத்த வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். 2018-ல் ஸ்பெயின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே, தொடர்ந்து கண்காணிக்க முடியாதவர்களுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. மிச்சம் இருக்கும் டப்பாவை ஊருக்குக் கொண்டுபோய்த் தலைவலிக்கெல்லாம் விழுங்கக் கூடாது. இதைச் சாப்பிட்டு வரும்போது காய்ச்சல், தொண்டைப் புண் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் நடந்து வரும் தேசிய சுகாதார சேவை, வரி கட்டியவரா என்று பார்ப்பதில்லை. அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கிறவரா என்றுதான் பார்க்கிறது. குடியுரிமை உள்ளவர் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு திரும்பினால், வந்த நாளிலிருந்தே இலவச சிகிச்சைக்குத் தகுதி உண்டு. போன வாரமே குடும்ப டாக்டரிடம் பெயர் பதிந்துவிட வேண்டும். அதற்கு முகவரிச் சான்று கட்டாயமில்லை. இங்கிலாந்தில் 60 வயதுக்கு மேல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணமும் கிடையாது. அப்படியே ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளையும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

பென்ஷன் விசித்திரங்கள்

பணத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கவலையும் ஒரு நோய்தானே!

இவர்களுக்குப் பென்ஷன் வருவது பவுண்டில், செலவு யூரோவில். 2000-த்தின் ஆரம்ப வருஷங்களில் ஒரு பவுண்டுக்கு ஒன்றரை யூரோ கிடைத்தது. 2008 கடைசியில் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று என்று விழுந்தது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி! அதே சமயம் ஸ்பெயினில் வீட்டு விலையும் சரிந்தது. இங்கிலாந்திலோ சில வருஷத்தில் மறுபடி ஏறிவிட்டது. விற்ற பணத்தில் பழைய தெருவில் ஒரு வீடு வாங்க முடியாமல் பலர் மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

அடுத்து 2016 ஜூன் 23 வாக்கெடுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியபோது, 2020 டிசம்பர் 31-க்கு முன்னால் அங்கே முறைப்படி குடியிருந்தவர்களின் உரிமை காப்பாற்றப்பட்டது. பென்ஷன்காரர்களின் வைத்தியச் செலவை பிரிட்டனே ஏற்கும் 'எஸ்-1' படிவமும் தொடர்கிறது. பதிவு செய்யாமல் 'சும்மா' இருந்தவர்கள்தான் திண்டாடினார்கள். 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது என்றாகிவிட்டது. ஊர் திரும்பிவிட்டு 'பிடிக்காவிட்டால் மறுபடி ஸ்பெயினுக்கே போய்விடலாம்' என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே குடியிருப்பு உரிமை காலாவதியாகிவிட்டால் புதிதாக விசா கேட்டுத்தான் போக முடியும்.

ஸ்பானிஷ் மனைவியையோ பிரெஞ்சுக் கணவரையோ அழைத்துக்கொண்டு திரும்பலாம் என்று இருந்தவர்களுக்கும் ஒரு கெடு இருந்தது. பழைய எளிய வழி 2022 மார்ச் 29-ஓடு மூடிவிட்டது. அதன் பிறகு துணைவர் விசாதான். அதற்கான குறைந்தபட்ச வருமானம் 2024 ஏப்ரலில் வருஷத்துக்கு 29,000 பவுண்டாக உயர்ந்தது.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு பிரிட்டிஷ் அரசுப் பென்ஷன் வருஷா வருஷம் உயர்கிறது. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா போன்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு உயராது! 2000-ம் வருஷம் முழு அடிப்படைப் பென்ஷன் வாரம் 67.50 பவுண்ட். அந்த வருஷம் ஓய்வு பெற்று ஆஸ்திரேலியா போனவருக்கு இன்றும் அதே 67.50-தான். 2025-26-ல் பிரிட்டனில் அதே பென்ஷன் 176.45 பவுண்ட். சுமார் நாலரை லட்சம் பேர் இப்படி 'உறைந்த' பென்ஷன் வாங்குகிறார்கள். நிரந்தரமாக ஊர் திரும்பினால் தொகை அன்றைய அளவுக்கு ஏறிவிடும். எண்பது வயதில் சிட்னியை விட்டு சிலர் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். லண்டனில் உழைத்துவிட்டுச் சென்னையில் வந்து குடியேறிய நம்மவர்களுக்கும் இதே உறைபனிதான். உங்கள் சொந்தத்தில் யாராவது இருந்தால் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். முதியவர்களுக்குக் குளிர்காய எரிபொருள் உதவித்தொகை என்று பிரிட்டன் அரசு ஒன்று தருகிறது. 'வெயில் நாட்டில் இருப்பவருக்கு இது எதற்கு?' என்று 2015 குளிர்காலத்திலிருந்து சில நாடுகளுக்கு நிறுத்தினார்கள். தென்மேற்கு இங்கிலாந்தை விடக் குளிர்காலம் கதகதப்பாக இருக்கிறதா என்பதே அளவுகோல். பிரான்ஸும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எப்படித் தெரியுமா? வெப்ப மண்டலத் தீவுகளான குவாதலூப், மார்த்தினிக் போன்ற அதன் கடல்கடந்த பகுதிகளின் வெயிலையும் சராசரியில் சேர்த்துவிட்டார்கள்!

ஊருக்குத் திரும்பியதும் எல்லா உதவியும் தானாக வந்துவிடாது. வருமானம் பார்த்துத் தரும் உதவிகளுக்கு, பிரிட்டிஷ் குடிமகனே ஆனாலும் 'இங்கேதான் நிலையாக வாழ்கிறேன்' என்று நிரூபிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், விற்ற வீட்டுப் பத்திரம், வாங்கிய டிக்கெட் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. ஸ்பெயின் வீட்டை அங்கே குடியிருப்பவராக இருக்கும்போதே விற்பதா, வந்த பிறகு விற்பதா என்பதிலும் வரி வித்தியாசம் உண்டு. ஒரு நல்ல வரி ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண்போகாது.

முக்கியமாக ஒன்று. வைத்தியம்தான் இலவசம், பராமரிப்பு இலவசம் இல்லை! இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருப்பவர் முதியோர் இல்லச் செலவைத் தானேதான் கட்ட வேண்டும். ஸ்காட்லாந்தில் 2002 முதல் முதியவர்களுக்கான உடல் பராமரிப்பு உதவியை மட்டும் இலவசமாகத் தருகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் 'ஊருக்குப் போனா கவர்மென்ட் பார்த்துக்கும்' என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர்.

வந்த பிறகு

திரும்பி வந்தவர்கள் சொல்லும் பெரிய குறை குளிரைப் பற்றி இல்லை. 'யாரையும் தெரியலை' என்பதுதான்! பழைய பேங்க் மூடியிருக்கும், கசாப்புக் கடை இருந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கும். நண்பர்களில் பாதிப் பேர் கல்லறையில். எந்தப் பேரப்பிள்ளைகளுக்காக வந்தார்களோ, அவர்கள் காலேஜுக்குப் போயிருப்பார்கள். மகன் அன்பானவன்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வர முடியும். ஸ்பெயினில் தெருவிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ராத்திரி பத்து மணி வரை பேசிப் பழகினவர்களுக்கு, மாலை ஐந்து மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிடும் தெரு மிகவும் கொடுமை.

ஆகவே மகன் வீட்டுக்குப் பக்கத்தில் என்று மட்டும் பார்க்காமல், நடந்து போனால் நாலு மனிதர்கள் கூடும் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நூலகம், சர்ச், தோட்டக்கலைச் சங்கம், ஏதோ ஒன்று. அடுத்த வீட்டு அம்மா வாரம் இரண்டு நாள் ஒரு ஸ்பானிஷ் வகுப்புக்குப் போகிறார். "அங்கே பதினஞ்சு வருஷம் இருந்தப்போ படிக்கலை, இப்போ படிக்கிறேன்" என்று சிரிக்கிறார். அந்த வகுப்பில்தான் அவருக்கு மூன்று சிநேகிதிகள் கிடைத்தார்கள்.

கடைசியாக நாய்! சிரிக்காதீர்கள். நாயை விட்டுவர மனமில்லாமல் பயணத்தையே வருஷக்கணக்கில் தள்ளிப்போட்ட ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். அழைத்து வரலாம், தடை ஏதும் இல்லை. முதலில் மைக்ரோசிப் பொருத்தி, பிறகு வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். முதல் ஊசி என்றால் 21 நாள் காத்திருக்க வேண்டும். பிரிட்டன் மண்ணில் கால் வைப்பதற்கு 24 மணி நேரம் முதல் 120 மணி நேரத்துக்குள் கால்நடை டாக்டர் கையால் நாடாப்புழு மருந்து கொடுத்து, தேதியும் நேரமும் போட்டுப் பதிவு வாங்க வேண்டும். ஸ்பெயினில் மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா என்ற நோய் நாய்களுக்கு உண்டு. புறப்படும் முன் அந்த ரத்தப் பரிசோதனையையும் செய்துவிடுங்கள். அந்த நோயை இங்கிலாந்துக் கால்நடை டாக்டர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் ரிசல்ட் காகிதத்தையும் நாயின் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.